விண்டோஸ் 98 எமுலேட்டருக்குள்ள புது ஃபைல் திறக்கலையா? அறிகுறிய பாத்து சரி பண்ற வழி

பெரியப்பா டிடிபி சென்டர்ல ஒரு பழைய பென்டியம் மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன், பத்திரிகை பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர் 6.5, வேர்ட் 97, பாமினியும் இன்னும் ஏகப்பட்ட தமிழ் ஃபான்ட்டும். எங்க ஏரியாவுல பாதி வீட்டு கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேக அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்குல தான் இருந்துச்சு. போர்டுல கெப்பாசிட்டர் உப்பிப்போய் ஒரு நாள் மெஷின் நின்னுடுச்சு. நல்லவேளை டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல, அத கழட்டி அப்படியே இமேஜ் எடுத்து (மொத்த டிஸ்க்கையும் ஒரே ஃபைலா காப்பி பண்ணி) 86பாக்ஸ்ங்கற எமுலேட்டர்ல, அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர்ல ஏத்தினேன், டிரைவர் எல்லாம் திரும்ப தேடிக்கிச்சு, பேஜ்மேக்கர் திறந்துச்சு, பெரியப்பா முகத்துல அன்னிக்கு வந்த நிம்மதிய நான் மறக்க மாட்டேன்.

புது சாஃப்ட்வேர்ல திறந்துக்கலாமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைல திறக்கும், அப்புறம் வந்த சிசி வெர்ஷன்கள்ல அந்த வசதிய எடுத்துட்டாங்க. திறந்தாலும் வரி உடையற இடம் மாறிடும், பெரியப்பா ஒவ்வொரு வரியையும் கையால உக்கார வெச்சது அது. அதனால எமுலேட்டர் தான் எங்களுக்கு சரிப்பட்டு வந்துச்சு.

பழைய ஃபைல் எல்லாம் ஜோரா திறக்குது. தலைவலி புது ஃபைல் தான். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்ல புது வேர்ட் ஃபைலான டாக்ஸ் (docx) அனுப்பறாரு, ஐஃபோன்ல எடுத்த போட்டோ ஹெய்க்ங்கற (HEIC) புது ஃபார்மட்ல வருது, பழைய பத்திரிகை மாதிரியே வேணும்னு பிடிஎஃப் வருது. இதெல்லாம் விண்டோஸ் 98 காலத்து ஒரு மெஷினுக்குள்ள போகணும். ஆறு மாசம் மல்லுக்கட்டி கத்துக்கிட்டத அறிகுறி வாரியா எழுதறேன், உங்களுக்கு எது மாட்டியிருக்கோ அங்க போய் படிங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ஒரு ஃபைல் திறக்கலைன்னா உடனே ஃபார்மட் மேல பழி போடாதீங்க. ஃபைல் நாலு வாசல் தாண்டணும்: உள்ள வந்து சேரணும், அதோட பேர விண்டோஸ் 98 படிக்கணும், சாஃப்ட்வேர் அத திறக்கணும், திறந்தது ஒழுங்கா தெரியணும். எந்த வாசல்ல நிக்குதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. மீதி வேலை எப்பவுமே வெளி மெஷின்ல தான், அதாவது எமுலேட்டர் ஓடற உங்க இன்னிக்கு கம்ப்யூட்டர்ல. உள்ள இருக்கற 98-ல புதுசு புதுசா கன்வர்ட்டர் ஏத்தி அத கஷ்டப்படுத்தாதீங்க.

சிடி டிரைவ்ல எதுவுமே தெரியல

86பாக்ஸ்ல ஃபைல உள்ள கொண்டு போக சுலபமான வழி ஐஎஸ்ஓ இமேஜ், அதாவது ஒரு சிடி முழுசையும் ஒரே ஃபைலா ஆக்கினது. வெளிய ஒரு ஐஎஸ்ஓ பண்ணி சிடி டிரைவ்ல மாட்டினா போதும். மாட்டியும் டிரைவ் காலியா இருந்தாலோ, டிவைஸ் ரெடியா இல்லைன்னு சொன்னாலோ, முதல்ல எஃப்5 அழுத்திப் பாருங்க, எக்ஸ்ப்ளோரர் பழைய சிடியோட பட்டியலையே பிடிச்சுட்டு நிக்கும். அதுக்கும் மசியலைன்னா ஐஎஸ்ஓ பண்ணின விதம் தப்பு. சிடில ஃபைல அடுக்கற முறை பல இருக்கு, இப்ப இருக்கற பல சாஃப்ட்வேர் அதுல யூடிஎஃப் (UDF) மட்டும் போட்டு எழுதிடும், அதுவும் புது யூடிஎஃப் வெர்ஷன்ல. 98-க்கு யூடிஎஃப் 1.02 தான் தெரியும். பழைய முறையான ஐஎஸ்ஓ 9660, கூட நீளமான பேருக்கான ஜோலியட், இந்த ரெண்டும் டிக் ஆயிருக்கணும், யூடிஎஃப் வேணவே வேணாம். இம்ஜ்பர்ன்ங்கற ஐஎஸ்ஓ பண்ற சாஃப்ட்வேர்ல இத தெளிவா தேர்ந்தெடுக்கலாம். இப்ப வர்ற 86பாக்ஸ்ல வெளிய இருக்கற ஒரு ஃபோல்டரையே சிடி மாதிரி மாட்டற வசதியும் இருக்கு, சின்ன வேலைக்கு நான் அதத்தான் பயன்படுத்தறேன்.

இன்னொரு வழி, எமுலேட்டரோட ஹார்ட் டிஸ்க்கா இருக்கற விஹெச்டி டிஸ்க் இமேஜ வெளிய விண்டோஸ் 10-ல டபுள் கிளிக் பண்ணி மாட்டி நேரா காப்பி பண்றது. நல்லா வேலை செய்யும், ஆனா எமுலேட்டர முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு தான் இத செய்யணும். நான் ஒரு தடவ 98 ஓடிட்டு இருக்கும்போதே வெளியவும் மாட்டி நாலு ஃபைல் போட்டேன். ரெண்டு பக்கமும் ஃபேட் டேபிள (எந்த ஃபைல் டிஸ்க்குல எங்க இருக்குங்கற பட்டியல) தனித்தனியா மனசுல வெச்சிருக்கு, ஒண்ணு எழுதினது இன்னொண்ணுக்கு தெரியாது. அடுத்த தடவ பூட் ஆகும்போது ஸ்கேன்டிஸ்க் ஓடி, 2003 பத்திரிகை ஃபோல்டர் காணாம போய், அதுக்கு பதிலா நம்பர் போட்ட சிஹெச்கே ஃபைலா கெடந்துச்சு. முதல்ல எடுத்த டிஸ்க் இமேஜோட காப்பி தனியா இருந்ததால அந்த ஃபோல்டர் திரும்ப கிடைச்சுது. மூல இமேஜ தொடாம ஒரு இடத்துல வெச்சிருங்க, அத விட்டா உங்களுக்கு வேற ஆதாரம் கிடையாது.

உள்ள இருக்கற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மெயில திறந்து டவுன்லோட் பண்ணிக்கலாம்னு பாக்காதீங்க. இன்னிக்கு சைட் எல்லாம் டிஎல்எஸ் 1.2-ங்கற பாதுகாப்பு முறைய கேக்குது, அந்த பழைய எக்ஸ்ப்ளோரருக்கு அது தெரியாது, பக்கமே திறக்காது. பாதுகாப்புக்கும் அத நெட்ல விடாம இருக்கறது தான் நல்லது.

ஃபைல் இருக்கு, ஆனா பேரு வெறும் அடிக்கோடா வருது, கிளிக் பண்ணா கிடைக்கலைங்குது

வாடிக்கையாளர் ஃபைலுக்கு தமிழ்ல பேர் வெச்சிருப்பாரு, மணமகன் விவரம்னு. டிஸ்க்குல அந்த பேரு யூனிகோட்ல (எல்லா மொழிக்கும் பொதுவான இன்னிக்கு எழுத்துக் குறியீடு) தான் பதிவாகி இருக்கும், ஆனா விண்டோஸ் 98 ஃபைல் பேர அதோட பழைய கோட்பேஜ் (கொஞ்சம் எழுத்து மட்டும் இருக்கற பட்டியல்) வழியா தான் பாக்கும். அந்த கோட்பேஜ்ல இல்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு அடிக்கோடு போட்டுடும். அப்புறம் அந்த அடிக்கோட்டு பேர்லயே ஃபைல தேடினா எப்படி கிடைக்கும், அப்படி ஒரு ஃபைல் டிஸ்க்குல கிடையாதே. வெளியவே ஆங்கில எழுத்துல சின்னதா பேர் மாத்திட்டு உள்ள அனுப்புங்க. எமோஜி வெச்ச பேருக்கும் இதே கதி.

பேரு எட்டு எழுத்துக்குள்ள வெட்டுப்பட்டிருந்தாலோ, ஆறு எழுத்தோட நின்னு கூடவே ஒரு அலைக்குறியும் 1-ம் ஒட்டியிருந்தாலோ அது வேற பிரச்சனை, ஜோலியட் போடாம ஐஎஸ்ஓ பண்ணியிருக்கீங்க, இல்ல பேஜ்மேக்கரோட வயசுக்கும் மூத்த ஏதோ 16 பிட் சாஃப்ட்வேர் வழியா பாக்கறீங்க. ஜோலியட்லயும் பேரு 64 எழுத்து வரைக்கும் தான்.

திறக்குது, ஆனா சேவ் பண்ண விடல

தலைப்புல ரீட் ஒன்லின்னு காட்டும். ஃபைல்ல தப்பு ஒண்ணும் இல்ல. விண்டோஸ் 98 சிடில இருந்து காப்பி பண்ணும்போது ரீட் ஒன்லிங்கற முத்திரையையும் சேத்தே காப்பி பண்ணிடும், பின்னாடி வந்த எக்ஸ்பி அத எடுத்துடும், 98 எடுக்காது. ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அந்த டிக்க எடுங்க. நிறைய ஃபைல்னா மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே தடவைல எடுக்கலாம்.

ஜிப் திறக்கல, இல்ல உடைஞ்சிருக்குன்னு சொல்லுது

98-க்குள்ள ஜிப்ப திறக்க தனியா சாஃப்ட்வேர் வேணும், 7-ஜிப் 9.20 அதுல ஓடும். ஆனா என்னைக் கேட்டா வெளியவே பிரிச்சுட்டு உள்ள அனுப்புங்க. 2013-ல வின்ரார் 5 கூட வந்த புது ரார் ஃபார்மட்ட அதுக்கு முந்தின வின்ரார் பாத்தா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு தான் சொல்லும், உண்மைல ஃபைல் நல்லா தான் இருக்கும். ஜிப்லயும் பாஸ்வேர்டு போட்டது புது ஏஇஎஸ் முறைன்னா பழைய வின்ஜிப் திணறும்.

வேர்ட் 97-ல டாக்ஸ் திறந்தா பி, கே ன்னு ஆரம்பிச்சு பக்கம் பக்கமா குப்பை

இந்த ரெண்டு எழுத்த பாத்தீங்கன்னா சந்தேகமே வேணாம், அது டாக்ஸ் தான். டாக்ஸ்ங்கறது உள்ளுக்குள்ள ஒரு ஜிப் பொட்டலம், அதுக்குள்ள எக்ஸ்எம்எல் ஃபைல்கள். ஜிப் ஃபார்மட்ட உண்டாக்குன ஃபில் காட்ஸோட பேர் எழுத்து தான் அந்த பி, கே. ஆஃபீஸ் 2007-ல தான் இது வந்துச்சு, அதுக்கு பத்து வருஷம் முந்தின வேர்ட் 97-க்கு அது என்னன்னே தெரியாது. கடைசி எழுத்த அழிச்சுட்டு டாக்னு பேர மாத்தி அனுப்பறவங்க நிறைய, எங்க கடைக்கே வாரம் ரெண்டு வரும். பேர மாத்தினா உள்ள இருக்கறது மாறாது, திறந்தா திரும்ப பி, கே தான்.

வெளில லிப்ரே ஆஃபீஸ்லயோ புது வேர்ட்லயோ திறந்து, சேவ் ஆஸ்ல வேர்ட் 97-2003ன்னு இருக்கறத தேர்ந்தெடுத்து சேவ் பண்ணுங்க. ஃபார்மட்டிங் முக்கியம் இல்லைன்னா ஆர்டிஎஃப் இன்னும் பத்திரம். மாத்தின பிறகும் பயோடேட்டா கோணல்மாணலா வந்தா டேபிளுக்குள்ள டேபிள் போட்டிருக்காங்களான்னு பாருங்க, நெட்ல கிடைக்கற பயோடேட்டா டெம்ப்ளேட் பாதி அப்படித்தான் இருக்கு. டேபிளுக்குள்ள டேபிள்ங்கறது வேர்ட் 2000-ல தான் வந்துச்சு, 97-க்கு அது தெரியாது, உள் டேபிள் கலைஞ்சு வெறும் வரியா கொட்டிடும். வெளியவே ஒரே டேபிளா ஆக்கிட்டு அனுப்புங்க.

எக்ஸெல் சமாச்சாரம் சுருக்கமா: எக்ஸ்எல்எஸ்எக்ஸையும் 97-2003 எக்ஸ்எல்எஸ்ஸா சேவ் பண்ணுங்க. பழசுல 65,536 வரி, 256 காலம் தான், அதுக்கு மேல இருக்கறது வெட்டுப்படும். புது ஃபார்முலா இருக்கற கட்டத்துல எல்லாம் பேர் தெரியலைன்னு பிழை வரும், அதனால ஃபார்முலாவ எடுத்துட்டு வெறும் மதிப்பா பேஸ்ட் பண்ணி அனுப்பறது உத்தமம்.

தமிழ் எழுத்து வரல

இது தான் எங்களுக்கு பெரிய போராட்டம், இதுல மெதுவாவே போகலாம். தமிழ் வரலைன்னு எல்லாரும் ஒரே வார்த்தைல சொல்லிடறாங்க, ஆனா அது மூணு விதமா வராம போகும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சேதி சொல்லும்.

முதல் விதம், எழுத்துக்கு பதிலா கட்டம் கட்டமா வரும். வேர்ட் 97-ல தான் இத அதிகம் பாப்பீங்க. வேர்ட் 97 உள்ளுக்குள்ள யூனிகோட் தெரிஞ்ச சாஃப்ட்வேர், அதனால எழுத்து பத்திரமா தான் இருக்கு, காட்ட ஃபான்ட் இல்ல. உடனே ஒரு யூனிகோட் தமிழ் ஃபான்ட்ட ஏத்திடலாம்னு தோணும், நானும் ஏத்திப் பாத்தேன். எழுத்து வரும், ஆனா கொம்பு இடம் மாறாது. கெங்கற எழுத்துல யூனிகோட் முதல்ல க-வ வெச்சு அப்புறம் கொம்ப வெக்கும், கொம்ப முன்னாடி தள்றது சாஃப்ட்வேரோட வேலை. அந்த வேலை வேர்ட் 97-க்கு தெரியாது, க எழுதி அதுக்கு பின்னாடி கொம்பு தனியா நிக்கும். விண்டோஸ்ல தமிழ ஒழுங்கா கோத்துக் காட்டறது லதா ஃபான்ட்டோட 2000-ல தான் வந்துச்சு.

ரெண்டாவது விதம், நோட்பேடுல திறந்தா விசித்திரமான லத்தீன் எழுத்தா வரும், அதுல ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வரும்: தலை மேல சாய்கோடு போட்ட சின்ன ஏ, அதுக்கு பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர். இத பாத்தா சந்தோஷப்படுங்க, ஃபைல் முழுசா இருக்கு. அது யூடிஎஃப்-8 (UTF-8), யூனிகோட ஃபைல்ல எழுதற ஒரு முறை, முன்னாடி சொன்ன சிடி யூடிஎஃப் வேற. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ல மூணு பைட், 98 அந்த மூணையும் மூணு தனி எழுத்தா காட்டுது. தமிழ்ங்கற வார்த்தையையே எடுத்துக்கோங்க, த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, அஞ்சு குறி, 15 பைட். ம வர்ற இடத்துல மட்டும் வட்டத்துக்குள்ள ஆர் ரெண்டு தடவ அடுத்தடுத்து வரும், ஏன்னா ம-வோட ரெண்டாவது பைட்டும் மூணாவது பைட்டும் ஒண்ணே. ஒரு நாள் ராத்திரி இத கண்டுபிடிச்சப்ப அந்த குப்பைல எங்கெங்க ம இருக்குன்னு பென்சில்ல குறிச்சுட்டே உக்காந்திருந்தேன், அவ்வளவு ஆசையா இருந்துச்சு.

மூணாவது விதம், வெறும் கேள்விக்குறி. தமிழ்னு இருக்கற இடத்துல அஞ்சு கேள்விக்குறி. இது வந்தா எழுத்து போயே போச்சு, யாரோ நடுவுல யூனிகோட் தமிழ அப்படியே ஆன்சியா (தமிழுக்கு இடமே இல்லாத பழைய 8 பிட் முறை) சேவ் பண்ணியிருக்காங்க. அந்த ஃபைல வெச்சுட்டு எந்த ஃபான்ட் மாத்தினாலும் எழுத்து திரும்பாது. மூல ஃபைல திரும்ப கேட்டு வாங்கணும், அவ்வளவு தான்.

சரி பண்ற வழி மூணுக்கும் ஒண்ணே (மூணாவதுக்கு மூல ஃபைல் கைக்கு வந்த பிறகு): வெளி மெஷின்லயே யூனிகோட பழைய 8 பிட் ஃபான்ட்டோட குறியீட்டுக்கு மாத்திடறது. இதுக்கு இருக்கற என்ஹெச்எம் கன்வர்ட்டர்ங்கற சாஃப்ட்வேர்ல டிஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில் மாதிரி பல குறியீடு இருக்கு. முதல்ல பேஜ்மேக்கர் ஃபைல்ல என்ன ஃபான்ட் போட்டிருக்குன்னு பாருங்க, அந்த குடும்பத்த தான் தேர்ந்தெடுக்கணும். 1999-ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு டாம், டாப்னு ரெண்டு தரம் அறிவிச்சுது, ஆனா அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு டிடிபி கடையும் ஒவ்வொரு ஃபான்ட்ட பிடிச்சுக்கிச்சு, எங்க கடைல பெரும்பாலும் பாமினி தான்.

மாத்தின டெக்ஸ்ட்ட சேவ் பண்றப்ப கவனம். என்கோடிங்னு கேக்கற இடத்துல ஆன்சின்னு போடுங்க. இப்ப இருக்கற நோட்பேட் தானா யூடிஎஃப்-8-னு போட்டுடும். பாமினி எழுத்தெல்லாம் பெரும்பாலும் சாதாரண கீபோர்டு எழுத்து, தமிழ்ங்கறது அதுல ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன், அஞ்சே பைட், அதனால அது எப்படி சேவ் பண்ணாலும் பிழைச்சுக்கும். டிஸ்கி, டாப் எல்லாம் 128-க்கு மேல இருக்கற இடத்துல உக்காந்திருக்கு, அத யூடிஎஃப்-8-ஆ சேவ் பண்ணா ஒவ்வொரு எழுத்தும் ரெண்டா மூணா பிளந்துடும்.

உள்ள போய் ஃபான்ட் போட்ட பிறகு வர்ற கோளாறு சிலது தனி. பத்திரிகைல மாப்பிள்ளை பேருக்கு பக்கத்துல டீ.நு. ன்னு வருதா? அது பி.இ. தாங்க. பாமினில பெரிய பி-யோட இடத்துல டீ இருக்கு, பெரிய இ-யோட இடத்துல நு இருக்கு. அந்த ரெண்டு எழுத்த மட்டும் செலக்ட் பண்ணி ஏரியல் போடுங்க. பட்டம், ஈமெயில், ஆங்கிலத்துல இருக்கற முகவரி எல்லாத்தையும் இப்படி தேடிப் பிடிக்கணும், நம்பர்ல பிரச்சனை வராது.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது, நாங்க ஒரு ப்ரூஃப்ல கடைசி நிமிஷத்துல பிடிச்சோம். வேர்ட் 97-ல பாமினில நேரா டைப் பண்ணிட்டு இருக்கும்போது அம்மான்னு அடிச்சா ஆம்மான்னு ஆகுது, உங்கள்னு அடிச்சா ஊங்கள்னு ஆகுது, அதுவும் வாக்கியத்தோட முதல் வார்த்தைல மட்டும். பெரியப்பா, "டேய், கீபோர்டு போயிடுச்சா பாரு"ன்னாரு. கீபோர்டு இல்ல பெரியப்பா, ஆட்டோகரெக்ட். பாமினில சின்ன எம் அ, பெரிய எம் ஆ, சின்ன சி உ, பெரிய சி ஊ. வாக்கியத்தோட முதல் எழுத்த பெரிய எழுத்தாக்கணும்னு வேர்டுக்கு ஒரு பழக்கம் இருக்கு, அது இங்கிலீஷ்னு நெனச்சு மாத்திடுது. டூல்ஸ்ல ஆட்டோகரெக்ட்டுக்குள்ள போய் அந்த டிக்கையும், நேர் மேற்கோள வளைஞ்ச மேற்கோளா மாத்தறதையும் எடுத்துடுங்க. பேஜ்மேக்கர்லயும் பிளேஸ் பண்ற டயலாக்ல கன்வர்ட் கோட்ஸ்னு (Convert Quotes) ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துடுங்க, சில ஃபான்ட்ல மேற்கோள் குறி இருக்கற இடத்துல தமிழ் எழுத்து இருக்கும்.

டெக்ஸ்ட் ஃபைல் முழுசும் ஒரே வரியா வந்து நடுநடுல கறுப்பு கட்டம் இருந்தா அது வரி முடிவுக் குறி வித்தியாசம், மேக்லயோ லினக்ஸ்லயோ இருந்து வந்திருக்கும், வெளில நோட்பேட்++ல விண்டோஸ் வரி முடிவா மாத்தி சேவ் பண்ணுங்க. 98 நோட்பேட் 64 கேபிக்கு மேல இருந்தா திறக்காது, வேர்ட்பேட்ல திறக்கவான்னு கேக்கும், சரின்னு சொல்லுங்க.

போட்டோ திறக்கல, இல்ல திறந்தாலும் படுத்துக்கிடக்கு

ஹெய்க், வெப்பி (WebP), ஏவிஐஎஃப் இந்த மூணு புது போட்டோ ஃபார்மட்டையும் உள்ள கொண்டு போய் எதுலயும் முயற்சி பண்ணாதீங்க. வெப்பி 2010-ல வந்தது, ஹெய்க்க ஐஃபோன் 2017-ல இருந்து தான் எடுக்க ஆரம்பிச்சுது. வெளியவே டிஃப்பா (TIFF) மாத்துங்க. ஜேபெக்கும் 98-ல திறக்கும், ஆனா பேஜ்மேக்கருக்கு டிஃப் தான் நிம்மதி. சேவ் பண்ணும்போது கம்ப்ரஷன் வேணாம்னு போடுங்க இல்ல எல்ஜெட்டபிள்யூ போடுங்க. லேயர் வெச்ச டிஃப், உள்ளுக்குள்ள ஜேபெக் இல்ல ஜிப் கம்ப்ரஷன் போட்ட டிஃப் ரெண்டுமே பழசுல தகராறு பண்ணலாம். பெயின்ட்ல ஜேபெக் திறக்கலைன்னு பயப்பட வேணாம், 98 பெயின்ட் அதுவா பிஎம்பி தான் திறக்கும்.

படம் பக்கவாட்டுல படுத்துக்கிடந்தா ஃபைல் கெடல. ஃபோன் படத்த எப்பவும் ஒரே வாக்குல எழுதி, இத இப்படி திருப்பிக் காட்டுன்னு எக்சிஃப்ல ஒரு குறிப்பு மட்டும் வெக்கும். புது சாஃப்ட்வேர் அந்த குறிப்ப படிச்சு திருப்பிக்கும், 98 காலத்து சாஃப்ட்வேர் அத கண்டுக்காது. வெளில நிஜமாவே திருப்பி சேவ் பண்ணி அனுப்பணும்.

ஃபோட்டோவ திறந்ததும் ஹார்ட் டிஸ்க் லைட் விடாம எரிஞ்சு எல்லாம் ஊர்ந்தா, அளவ பாருங்க. ஃபைல் 3 எம்பி தானேன்னு நெனப்பீங்க, ஆனா 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000, பிக்சலுக்கு 3 பைட், மெமரில விரிச்சா 36 எம்பி. 64 எம்பி ரேம் வெச்ச மெஷின் என்ன பண்ணும், எல்லாத்தையும் டிஸ்க்குக்கு தள்ளி இழுத்துட்டு இருக்கும். பத்திரிகைல படம் மூணு இன்ச்சுக்கு நாலு இன்ச் தான் வரப்போகுதுன்னா 300 டிபிஐல 900க்கு 1200 போதும், சிஎம்ஒய்கே (அச்சுக்கான நாலு கலர், பிக்சலுக்கு 4 பைட்) டிஃப்பா வெச்சா கூட நாலு எம்பி சொச்சம் தான். வெளியவே அந்த அளவுக்கு வெட்டி அனுப்பினா பேஜ்மேக்கர் பறக்கும். முகமெல்லாம் பட்டை பட்டையா கலர் பிரிஞ்சு தெரிஞ்சா டிஸ்ப்ளே 256 கலர்ல இருக்கு, எமுலேட்டர்ல வெச்சிருக்கற டிஸ்ப்ளே கார்டுக்கான (எங்களது எஸ்3) டிரைவர ஏத்தி 16 பிட்டுக்கு மாத்துங்க, படத்துக்கு ஒண்ணும் ஆகல.

ரேம கூட்டினேன், இப்ப விண்டோஸே பூட் ஆகல

போட்டோ மெதுவா இருக்குன்னு ரேம 1 ஜிபி ஆக்கிடுவாங்க. 512 எம்பிக்கு மேல போனா 98-ஓட டிஸ்க் கேஷ் அளவு மீறி வளந்து, மெமரி போதலைன்னே பிழை காட்டும், ரேம் அதிகமா இருக்கறப்ப ரேம் இல்லைன்னு சொல்றத பாத்து குழம்பாதீங்க. 128 இல்ல 256 வெச்சுக்கோங்க. டிஸ்க்கும் சில ஜிபிக்குள்ள இருக்கட்டும்.

பிடிஎஃப்ப திறந்தா பிழை, இல்ல வெள்ளைப் பக்கம்

98-ல ஓடற அடோபி ரீடர் 6 வரைக்கும் தான், அதுக்கு பிடிஎஃப் 1.5 வரைக்கும் தெரியும். உங்க ஃபைல் எந்த வெர்ஷன்னு பாக்க நோட்பேடுல திறந்தா போதும், முதல் வரில சதவீதக் குறிக்கு அப்புறம் பிடிஎஃப்னு போட்டு 1.4, 1.7ன்னு எழுதியிருக்கும். வெளில கோஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கற பிடிஎஃப் மாத்தற சாஃப்ட்வேர்ல காம்பாட்டிபிலிட்டி லெவல் 1.4ன்னு வெச்சு திரும்ப எழுதுங்க, பழைய ரீடர் 5 கூட திறந்துடும். பாஸ்வேர்டு போட்டது இருந்தா அதையும் வெளியவே எடுத்துட்டு அனுப்புங்க. பேஜ்மேக்கருக்குள்ள வெக்கணும்னா பிடிஎஃப்போட போராடாம அந்த பக்கத்த 300 டிபிஐ டிஃப்பா மாத்திக்கோங்க.

பாட்டு, வீடியோ ஓடல

பத்திரிகை வேலைக்கு இது தேவையில்ல, ஆனா பழைய வின்ஆம்ப்ல பாட்டு கேக்கணும்னு ஆசைப்படறவங்களுக்காக. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஓபஸ் ஃபார்மட், 2012-ல தரமானது, 98-க்கு தெரியாது, எம்பி3-ஆ 128 கேபிபிஎஸ்ல மாத்துங்க. சத்தம் விட்டு விட்டு வந்தா எமுலேட்டர்ல 486 போட்டிருக்கீங்களான்னு பாருங்க, எம்பி3-க்கு பென்டியம் வேணும். வேவ் ஃபைலே ஓடலைன்னா 24 பிட்டா இருக்கும், 16 பிட் பிசிஎம்மா மாத்துங்க. எம்பி4 வீடியோவுக்கு நம்ம வீட்டு விசிடி காலத்து அளவே சரி: எம்பெக்-1, 352க்கு 288, நொடிக்கு 25 ஃப்ரேம். எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல பால் விசிடின்னு (pal-vcd) தயாரா ஒரு அமைப்பு இருக்கு, அத போட்டா 98-ஓட மீடியா பிளேயர்லயே ஓடும்.

எல்லாம் சரியா பண்ணியும் திறக்கல

அப்ப ஃபைலே முழுசா வரலையோன்னு பாருங்க. வெளி மெஷின்ல ப்ராப்பர்ட்டீஸ்ல இருக்கற பைட் எண்ணிக்கையையும் 98-க்குள்ள காட்டற பைட் எண்ணிக்கையையும் ஒரு பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா இருக்கணும். போன மாசம் ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழ் படம் பாதி கோபுரத்தோட நின்னுச்சு, ரெண்டு நாள் டிஃப் அமைப்பு எல்லாம் மாத்திப் பாத்தேன். எண்ணிப் பாத்தா உள்ள 2 எம்பி கம்மி, ஐஎஸ்ஓ எழுதி முடியறதுக்குள்ள நான் மாட்டியிருக்கேன். திரும்ப எழுதி மாட்டினேன், கலசம் வரைக்கும் வந்துடுச்சு.